சோற்றுக்கை

இன்றைக்குச் சாம்பார் சாதம். தட்டு வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது, பெருங்காய வாசனை சமையலறையிலிருந்து கிளம்பி நேராக என்னிடம்தான் வந்திருக்கிறது, போயும் போயும் இன்றைக்குத்தானா அந்த மகராசன் சாம்பார் சாதம் கிண்ட வேண்டும், தயிர்சாதம் என்றால் கொஞ்சம் ஒட்டும், கரண்டியில் ஏறினது ஏறின இடத்தில் கிடக்கும், சாம்பார் சாதம் வழுக்கும், அதிலும் இவர்கள் கிண்டுகிற சாம்பார் சாதத்தில் சாதமும் சாம்பாரும் விவாகரத்துக்கு வந்து நிற்கிற புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். இந்தப் பராமரிப்பு இல்லத்துச் சாப்பாட்டு ஹாலில் ஜன்னலோரம் என்னைக் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டார்கள். வெளியே நாலுவழிச் சாலையில் திருநெல்வேலிக்குப் போகிற பஸ் போகிறது, ஹாரன் சத்தம் மட்டும் உள்ளே வருகிறது. டாக்டர் நஸ்ரின் சாப்பாட்டு நேரத்துக்கு வருவார். சனிக்கிழமை அவர் வருகிற நாள்தான், ஆனால் இன்றைக்கு வருவது எனக்காக. குற்றாலிங்கம், ஓய்வுபெற்ற கோர்ட் பெஞ்ச் கிளார்க், பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தவர், தன் கையால் தானே சாப்பிடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பார். சாப்பிட்டால் வீடு. சாப்பிடாவிட்டால் உள் ஹால். வழக்கு இவ்வளவுதான், வாதி நான், பிரதிவாதியும் நான், சாட்சி இந்தச் சாம்பார் சாதம்.

நியாயமான வழக்குத்தான், டாக்டரைக் குறை சொல்ல முடியாது. ஆவுடை சத்துணவு அமைப்பாளர். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அவள் ஓய்வுபெற இன்னும் காலம் இருக்கிறது, காலையில் பள்ளிக்கூடம் போனால் பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவி, அரிசி பருப்புக்குக் கணக்கு முடித்து அவள் திரும்பிவர மூன்று மணி ஆகும். பகலில் வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். அவள் தட்டில் சாதம் போட்டு மூடி வைத்துவிட்டுப் போவாள், நான் மூடியை எடுத்துச் சாப்பிட வேண்டும். அது ஒன்று முடிந்தால் போதும் என்றார் டாக்டர். படுக்கையிலிருந்து நானே எழுந்து உட்காரப் பழகிவிட்டேன், ஒற்றைக் கையால் சட்டை போடப் பழகிவிட்டேன், சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரை போகிறேன், எல்லாம் அவர் எழுதிக்கொடுத்த உத்தரவுப்படி நர்சுகள் தினமும் பழக்கினது. மருந்து எழுதிவிட்டுப் போகிற டாக்டர்களைத்தான் பார்த்திருக்கிறேன், எழுந்து உட்கார வைக்கவும், பித்தான் போட வைக்கவும் உத்தரவு எழுதுகிற டாக்டரை இங்கே வந்துதான் பார்த்தேன். சாப்பாடு ஒன்றுதான் பாக்கி. ஒரு மூடி, ஒரு தட்டு, ஒரு கை. ஒரு கை என்றுதான் சொல்கிறேன், அதில்தான் எல்லா வில்லங்கமும்.

ஆகட்டும். எனக்கு மிச்சமிருக்கிற வார்த்தை அது ஒன்றுதான். உள்ளே எல்லாம் இருக்கிறது, சாம்பாரைப் பற்றி ஒரு பக்கத்துக்குத் திட்டத் தெரிகிறது, வாய்க்கு வரும்போது அத்தனையும் ஒரே வார்த்தையாகச் சுருங்கிப்போகிறது. வழக்கைத் தள்ளி வையும் என்றால் ஆகட்டும் ஐயா, அடுத்த கேஸ் கட்டை எடும் என்றால் ஆகட்டும் ஐயா, ஃபேனைக் கூட்டும் என்றால் ஆகட்டும் ஐயா, எத்தனை முன்சீப்புகளுக்கு இதைச் சொல்லியிருப்பேன், மூளையில் ரத்தம் அடைத்து மற்ற வார்த்தையெல்லாம் கழன்று போனபோது அடிப்பிடித்த பாத்திரத்தில் சோறு மாதிரி இது மட்டும் ஒட்டிக்கொண்டது. முதுகு அரிக்குதா ஐயா, ஆகட்டும். போதுமா ஐயா, ஆகட்டும். இன்னும் வைக்கட்டுமா, அதற்கும் ஆகட்டும். இல்லை என்று சொல்ல முடியாத மனிதனை எல்லாருக்கும் பிடிக்கும். இங்கே எனக்கு நல்ல பெயர், தங்கமான மனுசன் என்கிறார்கள். வேலையில் இருந்தபோது ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை, கடுவன் பூனை என்றுதான் வக்கீல் குமாஸ்தாக்கள் எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

சாப்பாட்டுக்கான உத்தரவை இரண்டு மாதத்துக்கு முன்பு டாக்டர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் படித்துக் காட்டினார். வேண்டுமென்றே படித்துக் காட்டினார், உங்களுக்கு எல்லாம் புரியும்னு எனக்குத் தெரியும் சார் என்று சொல்லிவிட்டு. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது, மற்றவர்கள் என்னிடம் பேசும்போது குரலை உயர்த்துவார்கள், பேச்சு போனவனுக்குக் காதும் போய்விட்டது என்று நினைப்பு. மூன்று வேளையும், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையால், யாரும் ஊட்டாமல், தானே சாப்பிடப் பழக்கவும். இரண்டு மாதம் கழித்து நேரில் பார்த்து, முன்னேற்றம் இருந்தால் வீட்டுக்கு அனுப்பவும், இல்லாவிட்டால் பயிற்சியை நிறுத்தவும். எத்தனையோ உத்தரவுகளைப் பார்த்தவன் நான், பக்கம் பக்கமாக எழுதிக் கடைசியில் யார் ஜெயித்தார் என்று தெரியாத உத்தரவெல்லாம் உண்டு. இதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யார், எப்போது, எப்படி, எந்தக் கையால், எல்லாம் இருந்தது. இதை எழுதியவரை ஜட்ஜாகப் போட்டிருந்தால் பாதிக் கட்டுகள் அலமாரியை விட்டுக் கிளம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இடது கையால் என்ற இடத்தில் மட்டும் உள்ளே ஏதோ சுருக்கென்றது. மென்று விழுங்கிவிட்டேன்.

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் ஜெசிந்தா வந்தாள். என்னைப் பழக்குகிற பொறுப்பு அவளுக்கு, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், இங்கே இருக்கிற நர்சுகளில் கெட்டிக்காரி, கை பட்டால் வலிக்காது. தலையணையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து ரகசியமாகச் சொன்னாள். "ஐயா, டாக்டரம்மா எழுதிட்டுப் போயிட்டாவ. எனக்கு மனசு வரல பாத்துக்கிடுங்க. கோர்ட்டுல அவ்வளவு பெரிய இடத்துல இருந்தவிய, பீச்சாங்கையால சோறு தின்னுங்கன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? நாம சோத்துக்கைக்கே பழக்கிருவோம். முயற்சி பண்ணா வராதா?" ஆகட்டும், என்றேன். வேறு வார்த்தை இல்லாததால் சொன்னது இல்லை, அன்றைக்கு அதைத்தான் சொல்ல விரும்பினேன், அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவள் மரியாதைக்குச் செய்தாள், நான் மானத்துக்குச் சம்மதித்தேன். உத்தரவில் ஒரு எழுத்து மாறினால் நகல் எடுக்கிறவனை உண்டு இல்லை என்று பண்ணுகிற குற்றாலிங்கம், டாக்டர் போட்ட உத்தரவை டாக்டருக்குத் தெரியாமல் திருத்தி நடைமுறைப்படுத்த ஆரம்பித்தார். மேல்முறையீடு கூட இல்லை.

அதிலிருந்து தினமும் இதே கூத்துத்தான். தடித்த பிடி போட்ட கரண்டியை என் வலது கையில் வைத்துத் துணிப்பட்டையால் சுற்றிக் கட்டுவாள், விரல்கள் தாமாக விரியாது, அவள்தான் ஒவ்வொன்றாக நிமிர்த்துவாள், நிமிர்த்தின விரல் திரும்பவும் போய்ச் சுருண்டுகொள்ளும். முழங்கையைத் தாங்கி, தூக்குங்க ஐயா, தூக்குங்க, இந்தா வந்துட்டு என்பாள். வராது. தோள்பட்டை கொஞ்சம் எழும்பும், அதோடு சரி. கரண்டி நெஞ்சுக்கு நேராக வந்து ஒரு ஆட்டம் ஆடும், சோறு மடியில் விழும், சட்டையில் விழும், ஒருநாள் பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் டம்ளரில் விழுந்தது. அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு அழுகை வந்துவிடும், எத்தனை வழக்கு நம்பர் எழுதின கை, கட்டைத் தொட்டாலே எந்த வருஷத்துக் கட்டு என்று சொல்லிவிடுகிற கை. கடைசியில் ஜெசிந்தா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மிச்சத்தை மளமளவென்று ஊட்டிவிடுவாள். நானும் சின்னப்பிள்ளை மாதிரி ஆ காட்டுவேன். இடது கை அந்த நேரமெல்லாம் மடியில் சும்மா கிடக்கும். சட்டைப் பித்தான் போடுகிறதும் அதுதான், கட்டில் கம்பியைப் பிடித்து என்னைத் தூக்கி உட்கார வைக்கிறதும் அதுதான், சீப்பு பிடிப்பதும் பல் தேய்ப்பதும் அதுதான், பல் தேய்க்க வாய்க்குள் போகிற கை சோற்றோடு போகக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இன்னொரு வேலைக்கும் அதுதான் போகிறது, பிறந்ததிலிருந்து அதற்குத்தான் அது. சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடாதா என்றால் போய்விடும், புத்திக்குத் தெரிகிறது, தொண்டைக்குத் தெரியவில்லை. கை நனைப்பது என்று சொன்னால் எந்தக் கை என்று நம் ஊரில் யாராவது கேட்பார்களா? கேட்காமலே எல்லாருக்கும் தெரியும்.

எதிர் நாற்காலி காலி. வீரபாகு வாத்தியார் உட்கார்ந்திருந்த இடம், போன மாதம் வரைக்கும். அவருக்கும் இதே மாதிரி உத்தரவு இருந்தது, நடுக்கம் பிடித்த கை, இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக் குடிக்கப் பழக்கினார்கள், முடியவில்லை, டாக்டர் நிறுத்திவிட்டார். உள் ஹாலுக்கு மாற்றிவிட்டார்கள். உள் ஹால் ஒன்றும் மோசமான இடம் இல்லை, சுத்தமாகத்தான் இருக்கிறது, ஏசி கூட உண்டு. என்னைக் குளிக்க வைக்க அந்த வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போவார்கள். வரிசையாகக் கட்டில், வரிசையாகத் தலை, ஒரு ஆயா ஒரு ஸ்டூலை நகர்த்தி நகர்த்திப் போட்டு ஒவ்வொருத்தருக்காக ஊட்டிக்கொண்டு போவாள், மூக்கில் குழாய் இருக்கிறவர்களுக்கு அதுவும் தேவையில்லை. யாரும் அவர்களைத் திட்டுவதில்லை. யாரும் அவர்களிடம் எதையும் எதிர்பார்ப்பதும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வாத்தியாரை ஒருநாள் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார், ஆயா கரண்டியை நீட்டினதும் சிரிப்பை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தார், மூடினார், அப்புறம் திரும்பச் சிரிக்க மறந்துவிட்டார். எனக்கு இருக்கிற பயம் இது ஒன்றுதான், சாவு இல்லை, சாவுக்கு வாய்தா வாங்கிக்கொண்டே போகலாம். அந்த ஸ்டூல் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்து நிற்கிற சத்தம், அதுதான் காலையிலிருந்து காதில் கேட்கிறது.

ஆவுடை வந்துவிட்டாள். கையில் ஒயர் கூடை, நெற்றியில் வியர்வை, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பாள். சனி ஞாயிறு வந்துவிடுவாள், வந்ததும் முதலில் என் காலர் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பாள், இன்றைக்கும் பார்த்தாள். "டாக்டரம்மா இன்னும் வரலியா? பயப்படாதிய. பீன்ஸ் பொரியல் கொண்டாந்திருக்கேன், தொட்டுக்கிடலாம்." டப்பாவைத் திறந்து வைத்தாள். அவள் நறுக்குகிற பீன்ஸ் எப்போதும் சாய்வாக, எதிர்ப்பக்கமாக வெட்டின மாதிரி இருக்கும், என் அம்மா நறுக்கினால் இப்படி இருக்காது, கல்யாணமான புதிதில் அதைக் கேலி செய்திருக்கிறேன். டப்பாவைப் பார்த்ததும் வீடு வந்துவிட்டது. கூடத்து மேசை, மேலே நைலான் விரிப்பு, கடிகாரத்துக்குக் கீழே என் நாற்காலி. நான் உட்காருவேன், அவள் பரிமாறுவாள், நான் எழுந்து கை கழுவினதும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு அப்புறம்தான் சாப்பிடுவாள். கல்யாணமாகி வந்த மறுநாளோ என்னவோ அம்மா அவளை உள்ளே கூப்பிட்டு ஏதோ சொன்னாள், அதிலிருந்து அப்படித்தான், அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். கூச்ச சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாண வீட்டுப் பந்தியில் ஓரமாகப் பார்த்து உட்காருவாள், குருவி மாதிரி நாலு பருக்கையைக் கொறித்துவிட்டு இலையை மடக்கிவிடுவாள், ரயிலில் போனால் வயிறு சரியில்லை என்பாள். என் சம்சாரத்துக்குச் சாப்பாடே வேண்டாம், காற்றைக் குடித்தே இருந்துவிடுவாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், பெருமையாகத்தான் சொன்னேன். தினமும் அத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வீசி எறிந்தாள், சாப்பிடுகிற பிள்ளையின் கையில் தலைமையாசிரியர் பிரம்பால் அடித்துவிட்டாராம், அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள், சண்டையே போடத் தெரியாதவள். அன்றைக்கு ராத்திரி முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். எந்தப் பிள்ளை, எதற்கு அடித்தார் என்று நான் கேட்கவில்லை. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

டாக்டர் வருகிற சத்தம் செருப்பிலேயே தெரியும், வேகமாக வைத்து வேகமாக எடுப்பார். "வணக்கம் சார். வணக்கம் அம்மா. நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கிட்டு நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க சார்." இங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ள முடியுமா, கோர்ட்டில் ஜட்ஜ் வந்து உட்கார்ந்ததும் எப்படி அடங்குமோ அப்படி ஹாலே அடங்கிவிட்டது, அடுத்த மேசைக்காரர் மோரை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார். தட்டு வந்தது. ஜெசிந்தா வந்து என் வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள், விரலை நிமிர்த்தினாள், கரண்டியை வைத்துப் பட்டையைச் சுற்றினாள். தூக்குங்க ஐயா. தூக்கினேன். என்னிடம் இருக்கிற பலத்தையெல்லாம் அந்தத் தோளுக்கு அனுப்பினேன், காது சூடாகிவிட்டது. கரண்டி சட்டையின் இரண்டாம் பித்தான் வரைக்கும் வந்து நின்றது. வா, இன்னும் ஒரு சாண்தான், வாய் இங்கேதான் இருக்கிறது, வா. ஆட்டம் ஆரம்பித்தது. சாம்பார் முதலில் போனது, அப்புறம் சோறு, கடைசியாக ஒரு கத்தரிக்காய்த் துண்டு நிதானமாக என் மடியில் வந்து உட்கார்ந்தது.

"இருங்க சிஸ்டர்," என்றார் டாக்டர். "ஏன் வலது கை?" ஜெசிந்தா பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் இடது கைன்னுதானே எழுதினேன். இவரு முன்னாடியே படிச்சுக் காமிச்சேன்." "இல்ல டாக்டர், ஐயாவைப் போய் எப்படி…" என்று இழுத்தாள். "இத்தனை நாளும் இந்தக் கையைத்தான் பழக்கினீங்களா?" "ஐயாவும் சரின்னுதான் சொன்னாவ." டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன், கையும் களவுமாகப் பிடிபட்டவன் வேறு எங்கே பார்ப்பான். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் உயரத்துக்குக் குனிந்தார். "எனக்குத் தெரியாதா சார்? எங்க வீட்டுலயும் இடது கை வாய்க்குப் போனா எங்க உம்மா புறங்கையில போடுவாங்க. தெரிஞ்சேதான் எழுதினேன். அந்த வலது கை விரல் இனி விரியாது, அதை நம்பி உங்க நாளைக் கழிச்சிட்டீங்க." பட்டையை அவரே அவிழ்த்தார். தட்டை இடது பக்கம் நகர்த்தினார். "கரண்டியும் வேண்டாம். கையால எடுங்க. ஒரே ஒரு வாய். எனக்கு அது போதும், இன்னும் ஒரு மாசம் நீட்டிச்சு எழுதிருவேன். பழகிட்டு வீட்டுக்குப் போங்க."

ஒரே ஒரு வாய். இடது கை மடியிலிருந்து கிளம்பியது, அதற்கென்ன, நல்ல கை, சொன்னால் கேட்கும். மேசை விளிம்பு வரை வந்தது. தட்டின் ஓரத்தைத் தொட்டது. அங்கே நின்றுவிட்டது. போ, என்றேன். போகவில்லை. பலம் இல்லாமல் நிற்கிற கையைப் பார்த்திருக்கிறேன், பலம் இருந்தும் நிற்கிற கையை இப்போதுதான் பார்க்கிறேன். அம்மா எங்கேயோ நின்று பார்க்கிறாள், கடுவன் பூனை என்று சொன்ன குமாஸ்தாக்கள் பார்க்கிறார்கள், ஹாலில் அத்தனை தலையும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஆவுடை பார்க்கிறாள், அதுதான் எல்லாவற்றையும்விட, என் சட்டையை இஸ்திரி மடிப்பு கலையாமல் எடுத்துக் கொடுக்கிறவள், இன்றைக்கு நான் இந்தக் கையால் தின்பதைப் பார்க்கப்போகிறாள், அப்புறம் எந்த முகத்தோடு அந்த மேசையில் உட்காருவேன், ஆனால் உட்காராவிட்டால் ஸ்டூல் வரும், நகர்ந்து நகர்ந்து வரும், போ, ஒரு வாய்தானே, போயேன், கண்ணை மூடிக்கொண்டால் முடியுமா என்று பார்த்தேன், மூடினால் உள் ஹால் தெரிகிறது, திறந்தால் தட்டு தெரிகிறது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ. கண்ணீர் வந்து மூக்கோரம் இறங்கினது, அதைத் துடைக்கவும் அந்தக் கைதான் வேண்டும். டாக்டர் நிமிர்ந்தார். "வேண்டாம் சார். உங்களை வதைக்கிறதுக்கு நான் எழுதல. நிறுத்திடலாம்." பேனாவை எடுத்தார். ஆகட்டும், என்று என் வாய் சொன்னது. பாவி, அந்த நேரத்திலும் அதையே சொன்னது.

"டாக்டரம்மா, எழுதாதிய. செத்த பொறுங்க." ஆவுடை குரல்தான், ஆனால் அடுக்களையில் கேட்கிற குரல் இல்லை, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற குரலாக இருக்க வேண்டும், நான் கேட்டதில்லை. வாத்தியாரின் காலி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். எதிரே போடவில்லை, என் பக்கத்தில், தோளோடு தோள் படுகிற மாதிரிப் போட்டு உட்கார்ந்தாள். "ஜெசிந்தா, எனக்கும் ஒரு தட்டு கொண்டா." ஜெசிந்தா திகைத்துப்போய்க் கொண்டுவந்து வைத்தாள். ஆவுடை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வலது கையை மடியில் வைத்துக்கொண்டாள். இடது கையைத் தட்டில் வைத்தாள். சாதத்தைத் தன் பக்கம் ஒதுக்கினாள், சாம்பாரோடு சேர்த்து நாலு விரலால் பிசைந்தாள், விரல் நுனியில் உருட்டி, பெருவிரலால் தள்ளி வாய்க்குள் போட்டுக்கொண்டாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. எனக்குக் காட்டுவதற்காக இப்போது செய்து பார்க்கிற கை இல்லை அது. அவசரம் இல்லை, தடுமாற்றம் இல்லை, வேறு எதையும் யோசிக்காமல் சோற்றைத் தெரிந்த கை. அடுத்த வாய். பீன்ஸை எடுத்துத் தொட்டுக்கொண்டாள். இன்னொரு வாய். யாரையும் பார்க்கவில்லை. மென்று முழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"நான் இப்படித்தான் சாப்பிடுவேன். சின்னப் பிள்ளையிலேருந்து. அத்தை பாத்துட்டு, என் மவன் கண்ணுல இது படக் கூடாதுன்னாவ. சரின்னு உள்ள போயிட்டேன். சோத்துக்கையால தின்னா எனக்கு எறங்காது, ஒருத்தரும் பாக்காதப்பதான் வயிறு நெறையும்." குரலில் அழுகை இல்லை, குறை இல்லை, காலர் மடங்கியிருக்கு என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். "இந்தக் கையாலதான் ஒங்களுக்குச் சோறு பொங்குனேன், காய் நறுக்குனேன். அதைத் தின்னு இத்தனை வருசம் ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலயே. பாருங்க. பெருவிரலை மடக்கி வச்சுக்கிடுங்க, தூக்கும்போது மடக்கித்தான் இருக்கணும். வாய்கிட்ட வந்தப்பறம் தள்ளுங்க."

சாய்வாக வெட்டின பீன்ஸ். ஒருக்களித்துச் சாத்தின கதவு. பந்தியின் ஓரம். வயிறு சரியில்லாத ரயில். பிரம்படி வாங்கின பிள்ளை, அந்தப் பிள்ளை எந்தக் கையால் சாப்பிட்டிருக்கும் என்று இப்போது யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் என் கண்முன்னேதான் நடந்திருக்கிறது, ஒன்றுகூட மறைத்து வைக்கப்படவில்லை, நான் மேசையில் இருந்தேன், அவள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். என் பெண்டாட்டி வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. இதை நினைத்ததும் வந்தது வெட்கமா, கோபமா, அம்மா மேல் கோபமா, தெரியவில்லை, அதற்கெல்லாம் பெயர் வைக்க இப்போது நேரமில்லை, என் கண் அவள் பெருவிரலை விட்டு நகரவில்லை. மடக்கினாள், தூக்கினாள், தள்ளினாள். அழகாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வார்த்தை இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், ஆனால் அழகாக இருந்தது.

என் கை தட்டின் விளிம்பைத் தாண்டிவிட்டது. எப்போது தாண்டியது என்று தெரியாது. சாதம் சுட்டது, இடது விரலுக்குச் சோற்றின் சூடு புதுசு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டு திரும்பவும் போனது. பிசையத் தெரியவில்லை, மண்ணை அளைகிற மாதிரி அளைந்தது. உருண்டை வரவில்லை, வந்தவரைக்கும் அள்ளினேன். பெருவிரல், என்றாள் ஆவுடை, தன் தட்டைப் பார்த்துக்கொண்டே. மடக்கினேன். தூக்கினேன். இரண்டாம் பித்தான் போனது, காலர் போனது, பாதி சட்டையில் விழுந்தது, மிச்சம் உதட்டில் இடித்தது, மீசையில் ஏறியது, உள்ளே போனது. உப்புக் குறைவு. பெருங்காயம் அதிகம். மென்றேன். யாரும் ஊட்டாத சோறு இத்தனை நாளைக்கப்புறம் தொண்டையில் இறங்குகிறது, இறங்கி முடிக்கிற வரை ஹாலில் சத்தமே இல்லை, அப்புறம் அடுத்த மேசைக்காரர் உறிஞ்ச ஆரம்பித்தார். ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். டாக்டர் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் என்ன சார் எழுதட்டும்? இன்னும் ஒரு மாசம், இடது கை. இந்தத் தடவை சொன்னபடி. சரிதானா?"

"ஆகட்டும்," என்றேன்.

அவர் எழுதினார். நான் இரண்டாவது வாய்க்குக் கையைக் கொண்டுபோனேன், அது முதல் வாயைவிட மோசமாகப் போனது, முக்கால்வாசி மடிக்குத்தான். தோளுக்குத் தோள் உட்கார்ந்திருக்கிறோம், அவளும் இடது கை, நானும் இடது கை, முழங்கை இடிக்கவில்லை. அதற்குள் ஆவுடை தட்டைச் சுத்தமாகக் காலி செய்திருந்தாள். விரலை ஒருதரம் நக்கிக்கொண்டாள். அப்புறம் தட்டை ஜெசிந்தாவிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு வை என்று கேட்டாள்.